பிந்தியதற்குக் காரணம்

எங்கள் உபதபாற் கந்தோரில் ஒரு கொப்பி இருந்தது. அரசாங்கம் தந்த கொப்பி இல்லை, எங்கள் உபதபாலதிபர் போஸ்ற் மிஸ் தன் கையால் கோடு போட்டது. ஒரு கடிதம் சேரவேண்டிய நாளுக்கு ஒரு நாள் பிந்தினாலும் அதில் நான் எழுதவேண்டும்: யாருக்கு வந்தது, என்றைக்குக் கொடுத்தேன், பிந்தியதற்குக் காரணம் என்ன. நான் அங்கே தபால்காரன். பதினாறு வருடம் அவருக்குக் கீழே வேலை செய்தேன். அதற்குள் கல்யாணம் கட்டி, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனாகி, தலையும் நரைத்துவிட்டது. ஆனாலும் அந்தக் கொப்பியைக் கண்டால் பள்ளிக்கூடப் பையன்போல எழும்பி நிற்பேன்.

முதல் கிழமையில் நான் எழுதிய காரணம் "யுத்தம்". அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்துவிட்டுக் கொப்பியை என் பக்கம் தள்ளினார்.

"இதென்ன தம்பி? யுத்தம் எப்பவும் இரிக்கு. நேத்து என்ன நடந்தது எண்டு எழுது."

வெட்டிவிட்டு எழுதினேன்: "கல்லடிப் பாலத்தடியில் மூன்று மணித்தியாலம் மறித்து வைத்தார்கள்." அதன் பிறகுதான் தலையை ஆட்டினார். இன்னொரு முறை "மழை" என்று எழுதினேன். அதுவும் திரும்பி வந்தது. எந்த ஒழுங்கையில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று எழுதவேண்டுமாம். "முழங்கால் அளவு" என்று எழுதினேன். "ஆர்ர முழங்கால்?" என்று கேட்டார். அவர் ஆள் கட்டை, நான் நெட்டை. கேள்வியில் நியாயம் இருந்ததால் எனக்குக் கோபம்தான் கூடியது.

ஊருக்குள் அவருக்கு "விடாப்பிடி" என்றொரு பட்டம் உண்டு. அதை முதலில் வைத்தவன் நான்தான். அது அவருக்குக் கடைசிவரை தெரியாது என்று நம்புகிறேன்.

மூக்குக் கண்ணாடியைக் கறுப்பு நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். காப்பில் நாலைந்து சட்டை ஊசிகள் எப்போதும் கிலுங்கும். உள்ளங்கையில் சீனியை வைத்துக்கொண்டு பாலில்லாத பிளேன்ரீ குடிப்பார். கல்யாணம் கட்டவில்லை. கந்தோருக்குப் பின்னால் இருந்த வீட்டில் தங்கையும் அவரும் மட்டும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒரு றோட்டும் இரண்டு வரிசை வீடுகளும். அவ்வளவுதான் எங்கள் ஊர்.

ஒரு கடிதம் கைக்கு வந்தால் விலாசத்தை வாய்விட்டு வாசிப்பார். விலாசம் அரைகுறையாக இருந்தால் முகத்தில் ஒரு உசார் வரும். யுத்தம் முடிந்த வருடம் வன்னி முகாம்களில் இருந்து கடிதங்கள் வரத் தொடங்கின. கிழிந்த கொப்பித் தாளில், மடித்து ஒட்டி, சிலவற்றுக்கு முத்திரைகூட இல்லை. ஒன்றில் இருந்த விலாசம் இவ்வளவுதான்: "மட்டக்களப்பு, வாவிக்கு அங்கால, மருதமரக் கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் என் அக்கா." நான் சிரித்துவிட்டேன்.

"என்ன சிரிப்பு? மரம் இரிக்கு, கோயில் இரிக்கு, அக்கா இரிக்கா. வேற என்ன வேணும் உனக்கு?"

ஒன்பது நாள் அலைந்தேன். ஆறு மருதமரம் பார்த்தேன். ஒன்பதாம் நாள் அந்த அக்கா கடிதத்தை வாங்கி, வாசிக்காமல் நெஞ்சில் வைத்துக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். தம்பி உயிரோடு இருக்கிறான் என்பது அவருக்கு அந்த எழுத்தைக் கண்டதும் தெரிந்துவிட்டது. திரும்பிவந்து சொன்னேன். போஸ்ற் மிஸ் கொப்பியை நீட்டினார்.

சைக்கிள் கதைக்கு வருகிறேன். அவரை நினைத்தால் அதுதான் எனக்கு முதலில் ஞாபகம் வரும், கூடவே வெட்கமும் வரும்.

சுனாமி வந்த அந்த மார்கழி ஞாயிற்றுக்கிழமை நான் புளியந்தீவில் பூசைக்கு நின்றதால் தப்பினேன். கடல் எங்கள் ஊருக்கு மேலால் ஏறி வாவிக்குள் போய் விழுந்தது. கந்தோர் போனது. என் சிவப்புச் சைக்கிள் போனது. போஸ்ற் மிஸ் ஒரு தென்னையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தப்பினார். மறுகையில் பிடித்திருந்த தங்கையின் கை நழுவிவிட்டது.

தங்கையின் உடலை ஆறு நாள் தேடினோம். ஆறாம் நாள், வாவிப் பக்கம் கண்டல் மரங்களுக்குள் ஒரு நீலச் சேலை தெரிகிறது என்று யாரோ சொன்னார்கள். சேற்றில் இறங்கிப் போனோம். சேலை வேறு யாருடையதோ. அதற்குப் பக்கத்தில் வேர்களுக்குள் சொருகிக் கிடந்தது ஒரு சைக்கிள் பிறேம்.

சில்லு இல்லை, பிடிக்கிற காண்டில் இல்லை, சீற் இல்லை. வெறும் பிறேமும் முன் கவையும். இழுத்து எடுத்தேன். பாரமாக இருக்கும் என்று நினைத்துத் தூக்கியதால் கை தானாக மேலே போனது. இரண்டு விரலில் தூக்கலாம். உருக்குத்தான், ஆனால் நான் அதுவரை கண்ட உருக்கு இல்லை. குழாய்கள் ஒன்றோடொன்று சேரும் இடங்களில் யாரோ பொறுமையாக அரத்தால் ராவி இலை வடிவம் வெட்டியிருந்தார்கள். கறுப்புப் பெயின்ற் சுரண்டுப்பட்ட இடத்தில் அடியில் பச்சை தெரிந்தது. பெயர் எங்கும் இல்லை. பெடல் அச்சுப் போகும் இடத்துக்குக் கீழே ஒரு இலக்கம் மட்டும் குத்தியிருந்தது.

நான் சித்திரை வருடப்பிறப்புச் சைக்கிள் ஓட்டத்தில், புளியந்தீவில் தொடங்கிச் செங்கலடிச் சந்திக்குப் போய்த் திரும்பும் ஓட்டத்தில், மூன்று முறை இரண்டாவதாக வந்தவன். அந்த மூன்று முறையும் என் கால் தோற்கவில்லை, என் சைக்கிளின் பாரம்தான் தோற்கடித்தது என்று மனைவிக்குச் சொல்லிச் சொல்லி அவளுக்குக் காது புளித்துப்போயிருந்தது. பிணம் தேடப் போன இடத்தில் எனக்கு அந்தப் பிறேமில் ஆசை வந்தது. எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் வந்தது.

போஸ்ற் மிஸ் அதை என் கையில் இருந்து வாங்கி, சேற்றைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்தார். சீற் இறங்கும் குழாயின் வாயை எட்டிப் பார்த்தார். உள்ளே நாலு விரற்கடை ஆழத்தில் தும்பும் தேன்மெழுகும் சேர்த்து இறுக்கி அடைத்திருந்தது. வெளியே பார்த்தால் தெரியாது. உள்ளே துருப்பிடிக்காமல் இருக்க யாரோ கவனக்காரர் செய்த வேலை என்று நினைத்தோம்.

"இதை ஒருத்தருக்கும் சொல்லாத. தேடி வாற ஆள் தானாச் சொல்லட்டும்" என்றார்.

"மிஸ், இப்ப இதா முக்கியம்?"

அவர் அந்த நீலச் சேலையைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் தேடினது எனக்குக் கிடைக்கல்ல மனே. ஆரோ தேடுறது எனக்குக் கிடைச்சிரிக்கு. அதையாவது குடுக்கவேணும்."

மகனே என்பதைத்தான் எங்கள் பக்கம் மனே என்போம்; அவர் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தரம். அவர் சொல்வதைச் செய்யவேண்டும் என்று இருந்தது. ஆசையும் போகவில்லை. இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன.

பத்தாம் நாள் ஒரு கூடாரத்துக்குள் கந்தோர் திறந்தார். பிறேமைக் கூடாரக் கம்பில் தொங்கவிட்டு, பார்சலுக்குக் கட்டும் அட்டை ஒன்றை நூலில் கட்டினார். அதில் எழுதியிருந்தது: "கண்டெடுத்த இடம்: வாவிப்பக்கக் கண்டல். உரியவர்:" அதற்குப் பிறகு வெறுமை.

உரியவர்கள் வரத் தொடங்கினார்கள். ஒரு மாதத்தில் நாலு பேர். எல்லோரிடமும் ஒரே கேள்விதான்.

"சீற் குழாய்க்குள்ள என்ன இரிக்கு?"

ஒருவர் "சீற்தான்" என்றார். ஒருவர் "காத்து" என்றார். இன்னொருவர் தான் சுனாமிக்கு முதல்நாள்கூட அதில் கடைக்குப் போய் வந்ததாகச் சத்தியம் பண்ணினார். நாலாவது ஆள் கேள்வியைக் கேட்டதும் அழுதுவிட்டார். வீடு, வலை, தோணி எல்லாம் போனதாம், இதுவாவது கிடைக்கட்டும் என்று வந்தாராம். போஸ்ற் மிஸ் அவரை இருத்திப் பிளேன்ரீ கொடுத்தார். நிவாரணத்தில் தனக்குக் கிடைத்த அரிசியில் பாதியைக் கட்டிக் கொடுத்தார். வலைக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். பிறேமைக் கொடுக்கவில்லை.

நிவாரண வேலைக்கு வந்த ஒரு வெள்ளைக்காரர் ஒருநாள் கூடாரத்துக்குள் தலையை விட்டவர் அப்படியே நின்றுவிட்டார். பிறேமைத் தடவினார், குனிந்து இலக்கத்தைப் படம் எடுத்தார். பழைய காலத்து ஓட்டப் பிறேம், கையால் செய்தது, இத்தாலியாக இருக்கலாம், இங்கிலாந்தாகவும் இருக்கலாம், உலகத்தில் இப்படிக் கொஞ்சம்தான் மிச்சம், இது எங்கிருந்து இங்கே வந்தது என்று மொழிபெயர்க்க வந்த பிள்ளையிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், இதைத் தந்தால் தபால்காரருக்குப் புதுச் சைக்கிள் ஒன்று வாங்கித் தருகிறேன் என்றார். நான் அப்போது கடிதங்களை நடந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். குதிக்கால் வெடித்து இரத்தம் வரும். நான் போஸ்ற் மிஸ்ஸைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"அவருக்குச் சொல்லு புள்ள" என்றார். "எங்கயிருந்து வந்தது எண்டது என்ர வேலை இல்ல. எங்க போகவேணும் எண்டதுதான் என்ர வேலை."

அன்று முழுக்க அவரோடு நான் கதைக்கவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

கரையோர முகாம்கள் எல்லாம் போய் விசாரித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் குடையைப் பிடித்துக்கொண்டு, பிறேமை என் தோளில் ஏற்றிவிட்டு, கடற்கரை ஊர் ஊராக நடத்தினார். எல்லாரும் கடலைப் பார்த்து இருந்த சனம்தான். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், ஒருவரிடமும் கேட்கவில்லை. அந்த நாளில் காவலரண்களைத் தாண்டி அங்கே போவது லேசில்லை. அதோடு எங்களுக்கு அப்படித் தோன்றவும் இல்லை. அந்த மாதங்களில் நடந்தது எல்லாவற்றையும் கடல்தான் செய்தது என்று இருந்தோம். "வாவிப்பக்கக் கண்டல்" என்று அவரே எழுதிக் கட்டிய அட்டை கண்ணுக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு பேருமே அதை வாசிக்கவில்லை.

ஒரு சித்திரைக்கு முன், கந்தோர் புதுக் கட்டடத்துக்கு வந்து, எனக்கும் பாரமான தபால் சைக்கிள் ஒன்று கிடைத்து, பிறேம் சுவரில் ஏறிய பிறகு, மெல்லக் கேட்டுப் பார்த்தேன்.

"ஒரே ஒரு நாளைக்குத் தாங்க மிஸ். ஓட்டம் முடிஞ்ச கையோட கழுவிக் கொண்டுவந்து தொங்கவிடுறன்."

"ஒருத்தற்ற கடிதத்தை உடைச்சு வாசிச்சுப்போட்டு, திருப்பி ஒட்டிக் குடுப்பியா நீ?"

"இது கடிதமில்லையே."

"எனக்கு வித்தியாசம் தெரியல்ல" என்றார், முத்திரை குத்திக்கொண்டே. அந்த வருடமும் நான் இரண்டாவது.

ஆனால் அவரும் நாட்களை எண்ணத்தான் செய்தார். ஓய்வு பெற ஒரு வருடம் இருக்கும்போது தானாகவே சொன்னார்.

"நான் கந்தோரில நிக்கிற நாள் வரைக்கும் பார்ப்பம். அதுக்குள்ள ஆரும் வராட்டி நீ எடு. அதுக்குப் புறகு அதுக்குக் காவல் இருக்க ஆளில்ல."

அன்றிலிருந்து சுவரில் தொங்கியது என் பிறேம். மனதுக்குள் சில்லுப் பூட்டினேன், சீற் பூட்டினேன். கறுப்பைச் சுரண்டிவிட்டுப் பச்சை அடிப்பதா, இல்லை சிவப்பா என்று மனைவியோடு வாக்குவாதப்பட்டேன்.

யுத்தம் முடிந்த மறுவருடம் படுவான்கரையில் மூடிக்கிடந்த ஒரு கந்தோரின் கடிதங்களும் எங்கள் தலையில் விழுந்தன. கிழமைக்கு இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், சைக்கிளை வள்ளத்தில் ஏற்றி அக்கரை போவேன். கச்சான் காற்று வீசி வாவி வற்றிக் கிடந்த காலம். ஒரு செவ்வாய்க்கிழமை, கரையில் இருந்து கொஞ்சம் தள்ளி, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் முழங்கால் தண்ணீரில் நின்று நீளக் கம்பு ஒன்றால் சேற்றைக் குத்திக்கொண்டிருந்தார். ஒரு அடி வைப்பார், குத்துவார். இன்னொரு அடி வைப்பார், குத்துவார். வீச்சுவலை கரையில் காய்ந்துகொண்டிருந்தது.

"என்னண்ணன் தேடுறீங்க?"

"சைக்கிள் பிறேம் ஒண்டு தம்பி."

நான் சைக்கிளை விட்டு இறங்கினேன்.

பெயரையும் ஊரையும் சொல்லிக் கதையைத் தொடங்கினார். சண்டைக் காலத்தில் அவர்கள் பக்கம் நல்ல சைக்கிள் ஒன்று கண்ணில் பட்டால் ஆயுதத்தோடு வந்து யாராவது கேட்பார்களாம். ஆர் கேட்டாலும் கொடுக்கத்தான் வேண்டும். அதனால் சில்லு, சீற் எல்லாம் கழற்றி ஒளித்துவிட்டு, பிறேமுக்குக் கிறீஸ் பூசி, வாவிக்குள் தடி நட்டு அதில் கட்டி அமிழ்த்தித் தாட்டுவிட்டாராம். அந்த மார்கழியில் முதலில் வெள்ளம், பிறகு சுனாமி. தடியும் இல்லை, கயிறும் இல்லை.

"உள்ளுக்குத் தண்ணி போகக்குடா எண்டு தும்பும் மெழுகும் வெச்சு இறுக்கினன். அதுதான் பிழை. காத்து அடைபட்டு தண்ணியில பாரம் குறைஞ்சிரிக்கும், இழுத்துப் போட்டுது போல. அப்பாட பிறேம் தம்பி. அவர் ஓடி நான் பாத்திரிக்கன். தண்ணி வத்துற நேரமெல்லாம் தேடுறன். ஆறு வருசம். இஞ்சதான் எங்கயும் கிடக்கும்."

தும்பும் மெழுகும். நான் கேட்காமலே சொல்லிவிட்டார். நான் வாய் திறந்தேன். "கிடைக்கும் அண்ணன்" என்று சொல்லிவிட்டு ஏறி மிதித்தேன். போஸ்ற் மிஸ் ஓய்வு பெற இன்னும் எட்டு நாள் இருந்தது.

வெள்ளிக்கிழமை போனேன். அவர் நின்றார். கையை ஆட்டினார், நானும் ஆட்டினேன். அடுத்த செவ்வாய் போனேன். வேறு இடத்தில் நின்று குத்திக்கொண்டிருந்தார். வெயிலுக்குத் தலையில் துவாய். அந்த எட்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அது அவருடையதாக இல்லாமலும் இருக்கலாம், தும்பும் மெழுகும் யாரும் வைப்பார்கள், எனக்கும் ஒரு முறை வெல்லக்கூடாதா என்று எனக்கு நானே வக்கீல் வேலை பார்த்தேன். வாதம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. நித்திரைதான் வரவில்லை.

புதன்கிழமை பின்னேரம் கந்தோரில் நாலு கதிரை போட்டு, கேக் வெட்டி, பிரியாவிடை நடந்தது. சனம் போன பிறகு அவர் கதிரையில் ஏறி நின்று பிறேமை இறக்கினார். துணியால் துடைத்தார். நீட்டினார்.

"இந்தா. ஆறு வருசம் கண்ணால திண்டது போதும்."

கையை நீட்டினேன். இரண்டு விரலில் தூக்கக்கூடிய சாமான், அன்றைக்குத் தூக்க முடியவில்லை.

"மிஸ், உரியவர் இரிக்கார்."

அவர் கதிரையில் இருந்து மெதுவாக இறங்கினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். வாவி, தடி, தும்பு, மெழுகு. அவர் அட்டையைக் கையில் எடுத்து "வாவிப்பக்கக் கண்டல்" என்று வாய்விட்டு வாசித்தார். ஆறு வருடத்துக்குப் பிறகு அப்போதுதான் நாங்கள் அதை வாசித்தோம்.

"எப்ப தொடக்கம் உனக்குத் தெரியும்?"

"எட்டு நாள்."

ஏசுவார் என்று நின்றேன். அவர் ஏசவில்லை. கண்ணாடியைப் போட்டு, "உரியவர்:" என்பதற்குப் பக்கத்தில் பெயரையும் ஊரையும் என்னிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். அன்றைய திகதி முத்திரையை எடுத்து மை ஒற்றிக் குத்தினார்.

"கொண்டுபோய்க் குடுத்துக் கையெழுத்து வாங்கிற்று வா. நான் இருக்கன்."

கடைசி வள்ளத்துக்கு முந்திய வள்ளத்தைப் பிடித்தேன். அவர் தண்ணீருக்குள்தான் நின்றார். பிறேமைக் கண்டதும் ஓடிவரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றார். நான் தண்ணீருக்குள் இறங்கிப் போய்க் கொடுத்தேன். முதலில் அவர் சீற் குழாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தார். மெழுகு தட்டுப்பட்டிருக்கவேண்டும். பிறேமை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தண்ணீருக்குள் இருந்துவிட்டார்.

கையெழுத்துப் போடும்போது கேட்டேன், இது எங்கிருந்து வந்தது என்று.

"அப்பா சொன்னது, திருகோணமலையில கப்பல்காரன் ஒருத்தன் குடுத்ததாம். அம்மா சொன்னது, அப்பா சூதில வெண்டதாம். எனக்கு ரெண்டும் நம்பிக்கையில்ல." ஈரக் கையால் கண்ணைத் துடைத்தார். "எட்டு நாளா இந்த வழியால போறீங்க தம்பி. உங்களிட்டத்தான் அது இரிக்கும் எண்டு நான் நினைச்சனா!"

அவர் அதைச் சந்தோசத்தில் சொன்னார். நான் வள்ளத்தில் திரும்பிவரும்போது தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

போஸ்ற் மிஸ் கந்தோரில் லைற்றைப் போட்டுக்கொண்டு இருந்தார். கைப்பை, குடை, சாவி எல்லாம் மேசையில் தயாராக. கையெழுத்து வாங்கிய அட்டையைக் கொடுத்தேன். பார்த்தார். ஒரு பெருமூச்சு வந்தது. நீலச் சேலைக்குப் பக்கத்தில் நின்ற அன்றைக்குப் பிறகு அவர் முகம் அப்படி இளகி நான் கண்டதில்லை. முடிந்தது, தப்பினேன் என்று நினைத்துத் திரும்பினேன்.

கொப்பி திறந்தபடி மேசையில் கிடந்தது. பெயர், ஊர், கொடுத்த நாள் எல்லாம் அவரே எழுதியிருந்தார். கடைசிக் கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. பேனையை நீட்டினார்.

எழுதினேன்: "ஆசை."

அவர் வாசித்தார். கொப்பியை என் பக்கம் தள்ளினார்.

"ஆசை எப்பவும் இரிக்கும் மனே. என்ன நடந்தது எண்டு எழுது."

வெட்டிவிட்டு எழுதினேன்: "உரியவரைக் கண்டேன். எட்டு நாள் சொல்லாமல் இருந்தேன்."

அவர் வாசித்துத் தலையை ஆட்டினார். கொப்பியை மூடினார். லைற்றை அணைத்துவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு, கதவைப் பூட்ட எழும்பினார்.